கிங் கவுண்டியில வீட்டு ரெகார்டும் கோர்ட் ரெகார்டும் தேடறது எப்படி: நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்கற கேள்விகள்

வாஷிங்டன் ஸ்டேட்ல சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், ரெண்டன், கென்ட்னு எங்க வீடு இருந்தாலும் கவுண்டி ஒண்ணுதான், கிங் கவுண்டி. வீடு வாங்கற நண்பர்கள், வாடகைக்குத் தேடறவங்க, லோன் கட்டி முடிச்சவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட இதைப் பத்தி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிட்டே இருக்கறதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன். நான் வக்கீல் இல்லை, என் வீட்டுக்காகவும் தெரிஞ்சவங்களுக்காகவும் பல வருஷமா இதைத் தேடித் தேடிக் கத்துக்கிட்டவன். கேஸ்னு வந்துட்டா வக்கீலைப் பாருங்க.

யார் வேணா யாரோட ரெகார்டை வேணா பாக்கலாமா? தப்பில்லையா?

பாக்கலாம். பத்திரம், அடமானம், கோர்ட் கேஸ் எல்லாமே இங்க பொது ஆவணம், ஏன் பாக்கறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவுக்கு வாங்கினார்ங்கறதுகூட வெளியிலதான் இருக்கு. அது மாதிரி உங்களோடதும் வெளியிலதான் இருக்கு, அதனால மத்தவங்களோடதைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் உக்காந்து உங்க பேரையும் உங்க வீட்டையும் தேடிப் பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குமா?

கிடைக்காது, இங்கதான் பாதி பேர் தடுமாறறாங்க. பத்திரமும் அடமானமும் ரெகார்டர்ஸ் ஆபீஸ்ல (மத்த கவுண்டிகள்ல இந்த வேலையை பெரும்பாலும் ஆடிட்டர்னு ஒருத்தர் பாப்பார், கிங் கவுண்டியில பேரு ரெகார்டர்). சொத்து மதிப்பு, சதுர அடி, எப்ப கட்டினது, எவ்வளவுக்கு வித்ததுங்கறது அசெஸர்கிட்ட. பெரிய கேஸ் எல்லாம் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிட்ட, சின்ன கேஸ், டிராஃபிக் டிக்கெட், ஸ்மால் கிளெயிம்ஸ் (சின்னத் தொகைக்கான பண வழக்கு) எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல. சியாட்டில் சிட்டிக்கு தனியா முனிசிபல் கோர்ட் உண்டு. திவால் கேஸ் கவுண்டியிலயே இருக்காது, அது ஃபெடரல் கோர்ட், பேஸர்னு ஒரு தளத்துல அக்கவுண்ட் திறந்து பாக்கணும், பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமெண்ட்டுக்கு அதிகபட்சம் 3 டாலர், மூணு மாசத்துல 30 டாலருக்குள்ள பாத்திருந்தா அதையும் தள்ளுபடி பண்ணிடுவாங்க. பில்டிங் பர்மிட் வேணும்னா அது அந்தந்த சிட்டிகிட்ட, சிட்டி எல்லைக்கு வெளிய இருக்கற இடத்துக்கு மட்டும்தான் கவுண்டி.

ஊர்ல வில்லங்கச் சான்று வாங்குவோமே, அது மாதிரி இங்க உண்டா?

இல்லை. இந்த மனை மேல இன்ன இன்ன பதிவு இருக்குன்னு கையெழுத்துப் போட்டு கவுண்டி எதுவும் தராது, பதிவு பண்ணி வச்சிருக்காங்க, தேடறது உங்க வேலை. அந்த வேலையைத்தான் டைட்டில் கம்பெனி, அதாவது சொத்துரிமையைச் சரிபாக்கற கம்பெனி, செய்யுது. வீடு வாங்கறப்போ அவங்க ஒரு முதல்கட்ட ரிப்போர்ட் அனுப்புவாங்க, அதுல ஷெட்யூல் பி-ன்னு ஒரு பகுதி வரும், முப்பது பக்கம் இருக்கேன்னு முக்கால்வாசி பேர் அதைத் திறக்கவே மாட்டாங்க. ஆனா வில்லங்கம் எல்லாம் வரிசையா அங்கதான் இருக்கு: யாருக்கு வழிப்பாதை உரிமை, எந்த எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதி, எந்த லோன் இன்னும் திறந்திருக்கு எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெகார்டிங் நம்பர் இருக்கும், அதை ரெகார்டர் தளத்துல போட்டா அசல் பக்கமே வரும். நான் வீடு வாங்கறப்போ அப்படி ஒண்ணொண்ணா திறந்து பாத்ததுலதான் பின்பக்க வேலியோரம் ஒரு பத்தடிக்கு டிரெயினேஜ் ஈஸ்மென்ட், அதாவது தண்ணி வடியறதுக்கான உரிமைப் பகுதி, இருக்கறது தெரிஞ்சுது, அங்க ஷெட் போடணும்னு நினைச்சிருந்தோம், அந்தத் திட்டத்தை அன்னிக்கே விட்டுட்டோம்.

இதெல்லாம் நானே பாத்துட்டா டைட்டில் இன்ஷூரன்ஸ் வேண்டாமா?

வேணும். போலிக் கையெழுத்து, மறைச்ச வாரிசு, தப்பா இன்டெக்ஸ் பண்ணின பத்திரம் எல்லாம் நம்ம தேடல்ல மாட்டாது. இந்த ஊர் வழக்கத்துல ஓனர் பாலிசிக்கு பெரும்பாலும் விக்கறவர்தான் காசு கொடுப்பார், அதனால வேண்டாம்னு சொல்ல ஒரு காரணமும் இல்லை.

தேட எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

அசெஸர்கிட்டேர்ந்து. அட்ரஸைப் போட்டா பார்சல் நம்பர் வரும், பத்து இலக்கம், முதல் ஆறு பிளாட்டையோ (மனைப் பிரிவு வரைபடம்) பகுதியையோ குறிக்கும், கடைசி நாலு உங்க மனை. அசெஸர் தளத்துல பேரைப் போட்டுத் தேட முடியாது, அட்ரஸ் இல்லேன்னா பார்சல் நம்பர்தான். அங்கேயே விற்பனை வரலாறு இருக்கும், யார் யாருக்கு எப்ப வித்தாங்க, என்ன விலைன்னு. அந்தப் பேர்களையும் தேதிகளையும் குறிச்சுக்கிட்டு ரெகார்டர் தளத்துக்குப் போங்க, அங்க பேரைப் போட்டுத் தேடலாம்.

இப்ப போடற ரெகார்டிங் நம்பர் 14 இலக்கம் இருக்கும், அதைப் பாத்து பயப்பட வேண்டாம், முதல் எட்டு இலக்கம் பதிவான தேதிதான். 20190412-ன்னு ஆரம்பிச்சா 2019 ஏப்ரல் 12. மீதி ஆறு அன்னிக்கு வந்த வரிசை எண். 1991-க்கு அப்புறம் பதிவானதை வீட்லேர்ந்தே தேடலாம், ரொம்பப் பழசுன்னா மைக்ரோஃபிலிம்ல தேட வேண்டி வரும்.

பத்திரத்துல விலை பத்து டாலர்னு போட்டிருக்கே, இது என்ன ஏமாத்து வேலையா?

ஏமாத்து இல்லை. பத்து டாலரும் வேறு மதிப்புள்ள பிரதிபலனும்னு எழுதறது இங்க பழைய வழக்கம். உண்மையான விலை, விற்பனை வரிக்காகத் தாக்கல் பண்ற எக்ஸைஸ் டாக்ஸ் அஃபிடவிட்ல இருக்கும், அதை வச்சுத்தான் அசெஸர் தளத்துல விலை காட்டுறாங்க.

ஆனா பத்திரம் எந்த வகைங்கறதைக் கவனிங்க. ஸ்டாட்யூட்டரி வாரண்டி டீட்னா விக்கறவர் டைட்டிலுக்கு உத்தரவாதம் கொடுக்கறார். குவிட்கிளெயிம்னா எனக்கு ஏதாவது உரிமை இருந்தா அதை உனக்குத் தரேன், இல்லேன்னா இல்லைங்கற மாதிரி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள மாத்திக்கறதுக்கு அது சரி, முன்பின் தெரியாதவர்கிட்ட பணம் கொடுத்து வாங்கறதுக்கு அது போதாது.

என் பேரைப் போட்டா ஒண்ணுமே வரலையே?

எல்லாரும் கேக்கறது இதுதான், இதுக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். இங்க இன்டெக்ஸ் எல்லாமே கடைசிப் பேர், முதல் பேர்ங்கற கணக்குல ஓடுது. நமக்குக் குடும்பப் பேரே கிடையாது, அப்பா பேர்தான் கடைசிப் பேரா உக்காந்திருக்கு. கார்த்திக் சுப்ரமணியன்னா கார்த்திக்கைத் தேடினா வராது, அப்பா சுப்ரமணியனைத் தேடணும். அவர் மனைவி பேருக்குப் பின்னாடி அவங்க அப்பா பேரு இருக்கலாம், இல்லேன்னா கல்யாணத்துக்கு அப்புறம் கார்த்திக்னு மாத்தியிருக்கலாம். அதனால ஒரே வீட்டோட பத்திரம் ரெண்டு சம்பந்தமே இல்லாத எழுத்துக்குக் கீழ கிடக்கும்.

அப்புறம் பாஸ்போர்ட். சில பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, விசாவுல முதல் பேர் இடத்துல எஃப்.என்.யு.-ன்னு போட்டுருவாங்க, அதாவது முதல் பேர் தெரியலைன்னு. அதையே டிரைவர் லைசென்ஸ், லோன், பத்திரம்னு அடுத்தடுத்து காப்பி பண்ணினதை நானே ஒரு நண்பர் விஷயத்துல பாத்திருக்கேன், அவர் முழுப் பேரும் கடைசிப் பேரா பதிவாகி இருந்துச்சு. இதோட ஸ்பெல்லிங் வேற. லட்சுமியை எத்தனை விதமா எழுதுவோம், ழகரத்துக்கு ஒருத்தர் ஒரு எழுத்து போடுவார் இன்னொருத்தர் ரெண்டு எழுத்து போடுவார், ராஜசேகரன் சில சமயம் ஒரே சொல், சில சமயம் ராஜா தனி சேகரன் தனி.

அதனால நான் செய்யறது: முதல்ல அப்பா பேரைக் கடைசிப் பேரா போடுவேன், அப்புறம் ரெண்டையும் திருப்பிப் போடுவேன், அப்புறம் முதல் நாலஞ்சு எழுத்து மட்டும் போட்டுப் பாப்பேன், அப்புறம் துணைவர் பேரையும் இதே மாதிரி எல்லா விதமாவும். வாங்கினவர் (கிராண்டீ) பக்கம், எழுதிக் கொடுத்தவர் (கிராண்டர்) பக்கம் ரெண்டுலயும் தேடணும், ஏன்னா வாங்கறப்போ நீங்க கிராண்டீ, அன்னிக்கே பேங்குக்கு அடமானம் எழுதிக் கொடுக்கறப்போ நீங்க கிராண்டர்.

சிட்டிசன்ஷிப் வாங்கறப்போ நிறைய பேர் பேரை ஒழுங்குபடுத்திக்கறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பத்திரம் பழைய பேர்லயே இருக்கும். அதுக்காகப் பதற வேண்டாம், விக்கறப்போ பத்திரத்துல இன்ன பேர்ல வாங்கினவர்னு ஒரு வரி சேர்த்துருவாங்க. பேர் மாத்தின கோர்ட் உத்தரவையோ சிட்டிசன்ஷிப் சான்றிதழையோ மட்டும் பத்திரமா வச்சுக்கங்க.

லோன் கட்டி முடிச்சாச்சு, நான் ஏதாவது பண்ணணுமா?

ஒண்ணே ஒண்ணு, ரீகன்வேயன்ஸ் பதிவாச்சான்னு பாக்கணும். இந்த ஸ்டேட்ல மார்ட்கேஜ்னு நாம சொல்றது பெரும்பாலும் டீட் ஆஃப் டிரஸ்ட், கடன் வாங்கினவர், கடன் கொடுத்தவர், நடுவுல டிரஸ்டீன்னு மூணு பேர். கடன் முடிஞ்சதும் கொடுத்தவர் 60 நாளுக்குள்ள டிரஸ்டீகிட்ட சொல்லி விடுவிக்கணும்னு சட்டம், அந்த விடுதலைப் பத்திரம்தான் ரீகன்வேயன்ஸ், அது ரெகார்டர்கிட்ட பதிவாகணும்.

என் கதை என்னன்னா, நான் ரீஃபைனான்ஸ் பண்ணி பழைய லோனை அடைச்சாச்சு, பூஜ்யம் பாக்கின்னு லெட்டரும் வந்தாச்சு, ஃபைல்ல போட்டு மறந்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு வேலையா என் பேரைத் தேடறப்போ ரெண்டு டீட் ஆஃப் டிரஸ்ட் இருக்கு, ரீகன்வேயன்ஸ் ஒண்ணுகூட இல்லை. பழைய லோன் அதுக்குள்ள ரெண்டு கம்பெனி கை மாறியிருந்துச்சு, ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டினாங்க, கிட்டத்தட்ட அஞ்சு மாசம் போன், ஈமெயில், கடைசியில நான் பணம் கட்டின ரசீதும் அந்த ரெகார்டிங் நம்பரும் சேர்த்து எழுத்துல அனுப்பினதுக்கு அப்புறம்தான் பதிவு பண்ணாங்க. வீட்டை விக்கற நேரத்துல இது தெரிஞ்சிருந்தா குளோசிங்கே தள்ளிப் போயிருக்கும். அதனால கட்டி முடிச்ச மூணாவது மாசம் காலண்டர்ல குறிச்சு வச்சுப் பாருங்க.

டீட் ஆஃப் டிரஸ்ட்ல உங்க பேங்க் பேரோட மெர்ஸ்னு ஒரு பேர் வந்தா குழம்ப வேண்டாம், லோன் கை மாறறப்போ ஒவ்வொரு தடவையும் பதிவு பண்ணாம இருக்கறதுக்காக லெண்டர்கள் சேர்ந்து வச்சிருக்கற ஏற்பாடு அது.

கோர்ட் கேஸ் எப்படித் தேடறது?

சுப்பீரியர் கோர்ட்டுக்கு கிளார்க் ஆபீஸ் தனியா கே.சி. ஸ்கிரிப்ட்னு ஒரு போர்ட்டல் வச்சிருக்காங்க, பேரைப் போட்டோ கேஸ் நம்பரைப் போட்டோ தேடலாம், எலக்ட்ரானிக் காப்பிக்கு பக்கத்துக்கு 25 சென்ட்.

கேஸ் நம்பரைப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் அதுலயே புரியும். முதல் ரெண்டு இலக்கம் வருஷம். அடுத்து ஒத்தை எண், அதுதான் கேஸ் வகை: 1 குற்றம், 2 சிவில், 3 விவாகரத்து மாதிரி குடும்ப விஷயம், 4 உயிலும் வாரிசும். அப்புறம் வரிசை எண், கடைசியா சியாட்டிலா கென்டான்னு மூணு எழுத்து, ஏன்னா கோர்ட் ரெண்டு ஊர்லயும் இருக்கு. ஸ்மால் கிளெயிம்ஸ் இங்க இருக்காது, அது டிஸ்ட்ரிக்ட் கோர்ட், தனி ஆள் 10,000 டாலர் வரைக்கும் கேஸ் போடலாம்.

கோர்ட்ல தோத்தவரோட வீட்டு மேல அந்தக் கடன் ஏறுமா?

ஏறும், இது தெரியாமத்தான் பலர் ரெகார்டர் தளத்தை மட்டும் பாத்துட்டு சுத்தமா இருக்குன்னு நினைச்சுடறாங்க. இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுன்னு சுப்பீரியர் கோர்ட் தீர்ப்பு சொன்னா, அது அந்தக் கவுண்டியில அவர் பேர்ல இருக்கற நிலத்து மேல வில்லங்கமா 10 வருஷம் நிக்கும், நீட்டிக்கவும் முடியும். ரெகார்டர்கிட்ட பதியணும்ங்கற கட்டாயம் கிடையாது, அதனால அங்க தேடினா தெரியாமலே போகலாம். அவரே குடியிருக்கற வீடா இருந்தா மட்டும் கணக்கு வேற, ஹோம்ஸ்டெட் (சொந்தக் குடியிருப்பு) பாதுகாப்புத் தொகைக்கு மேல இருக்கற மதிப்பு மேலதான் ஏறும், அதுக்கும் தீர்ப்பை ரெகார்டர்கிட்ட பதிஞ்சிருக்கணும். எஃப்.எஸ்.பி.ஓ., அதாவது ஏஜென்ட் இல்லாம நேரா ஓனர்கிட்ட வாங்கறவங்க, காலி மனை வாங்கறவங்க, விக்கறவர் பேரை ரெண்டு இடத்துலயும் தேடாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வாடகைக்கு அப்ளை பண்ணினா என் பேர்ல கேஸ் இருக்குன்னு மறுத்துட்டாங்க, நான் கோர்ட் பக்கமே போனதில்லையே?

இது என் நண்பருக்கே நடந்துச்சு. அவர் பேரு செந்தில் குமார்னு வச்சுக்கங்க, இந்த ஊர்ல அந்தப் பேர்ல எத்தனை பேர் இருப்பாங்க? டெனன்ட் ஸ்கிரீனிங், அதாவது வாடகைக்கு வர்றவங்க பின்னணியைப் பாக்கற வேலை, பண்ற ஒரு கம்பெனி பேரை மட்டும் பொருத்திப் பாத்துட்டு வேற ஒருத்தரோட காலி பண்ணச் சொல்லற கேஸை இவர் தலையில கட்டிட்டாங்க. இந்த ஸ்டேட்ல அந்த மாதிரி கேஸ் சுப்பீரியர் கோர்ட்ல, வகை 2-ல வரும். நாங்க அந்த கேஸ் நம்பரை எடுத்து முதல் மனுவை வாங்கிப் பாத்தோம், அதுல இருந்த வாடகை அட்ரஸ்ல இவர் ஒருநாளும் இருந்ததில்லை, அந்தத் தேதியில இவர் கோயம்புத்தூர்லயே இருந்தார், பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கு. மனுவோட காப்பியையும் முத்திரையையும் வச்சு அந்தக் கம்பெனிக்கு எழுத்துல ஆட்சேபம் அனுப்பினோம், ஃபெடரல் சட்டப்படி அவங்க விசாரிச்சே ஆகணும், திருத்திட்டாங்க. அதுக்குள்ள அந்த வீடு கை நழுவிப் போச்சு, பள்ளிக்கூடம் திறக்கற நேரத்துல ரெண்டு குழந்தைகளை வச்சுக்கிட்டு அவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதனால வாடகைக்குத் தேடறதுக்கு முன்னாடியே உங்க பேர்ல யார் யாருக்கு கேஸ் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. நிஜமாவே உங்க மேல அப்படி ஒரு கேஸ் இருந்து அது நியாயமில்லாம போட்டதா இருந்தா, இல்லேன்னா நீங்க பாக்கியைக் கட்டித் தொடர்ந்து இருந்திருந்தா, ஸ்கிரீனிங் கம்பெனிகள் அதைச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு கேட்டு கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு.

விவாகரத்து விவரம் எல்லாம் எல்லாரும் படிக்க முடியுமா?

கேஸ் இருக்கறதும் உத்தரவும் தெரியும். சம்பள ரசீது, வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி ஆவணங்களை அதுக்கான சீல் கவர் ஷீட்டோட தாக்கல் பண்ணினா பொதுப் பார்வைக்கு வராது. அந்த ஷீட்டை வைக்க மறந்தா வெளிய தெரியும், சொந்தமா தாக்கல் பண்றவங்க இதை மறக்காதீங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பரை முழுசா எங்கயும் எழுதவே கூடாது.

ரீமாடல் பண்ணினவருக்கு முழுப் பணமும் கொடுத்தாச்சு, ஆனா வீட்டு மேல லியன் (பாக்கிப் பணத்துக்கான வில்லங்கம்) வந்திருக்கே?

அவர் கூட்டிட்டு வந்த பிளம்பருக்கோ மரம் கொடுத்த கடைக்கோ அவர் பணம் கொடுக்கலைன்னா அவங்க உங்க வீட்டு மேல லியன் போடலாம். கடைசியா வேலை செஞ்ச நாள்லேர்ந்து 90 நாளுக்குள்ள பதியணும், பதிஞ்ச 8 மாசத்துக்குள்ள கேஸ் போடணும், இல்லேன்னா அது செல்லாது. அதனால கடைசித் தவணையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் லியன் ரிலீஸ் வாங்குங்க, நாலு மாசம் கழிச்சு ஒரு தடவை தேடிப் பாருங்க.

பத்திரக் காப்பிக்கு நூறு டாலர் அனுப்புங்கன்னு கவர்மெண்ட் மாதிரி லெட்டர் வந்திருக்கு, கட்டணுமா?

வேண்டாம். புதுசா வீடு வாங்கின எல்லாருக்கும் வரும், பொது ரெகார்ட்லேர்ந்துதான் உங்க பேரை எடுக்கறாங்க. ரெகார்டர்கிட்ட சாதாரணக் காப்பி பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட்ட காப்பி முதல் பக்கம் 3 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கமும் 1 டாலர்.

வீடு ரொம்பப் பழசு, அதோட பழைய கதை தெரியுமா?

தெரியும், எனக்கு இந்தத் தேடல்லயே பிடிச்ச பகுதி இது. 1930-கள் கடைசியில அரசாங்க வேலைத் திட்டத்துல கவுண்டி முழுக்க ஒவ்வொரு கட்டடமா போட்டோ எடுத்திருக்காங்க, அசெஸரோட அந்தப் பழைய அட்டைகள் ஸ்டேட் ஆர்கைவ்ஸோட ப்யூஜெட் சவுண்ட் கிளையில இருக்கு, பார்சல் நம்பரைக் கொடுத்துக் கேக்கலாம்.

ஆனா பழைய பத்திரத்துல மனசு கஷ்டப்படற விஷயமும் இருக்கும். சியாட்டில்ல பிராட்மூர் மாதிரி பகுதிகள்ல 1920-கள்ல எழுதின பத்திரங்கள்ல யூதர், கறுப்பர், மலாய், ஆசிய இனத்தவர் யாரும் இங்க குடியிருக்கக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. ஆசிய இனத்தவர்னா நாமளும்தான். இதுபோக 1921-ல ஸ்டேட்டே ஒரு சட்டம் போட்டு, சிட்டிசன் ஆக முடியாத ஆசியர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாதுன்னு தடுத்துச்சு, 1966-ல ஓட்டெடுப்புலதான் அந்தத் தடை நீங்கிச்சு. பத்திரத்துல இருக்கற அந்த வரியை கோர்ட் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1948-லயே சொல்லிடுச்சு, 1968 வீட்டுவசதிச் சட்டம் இனப் பாகுபாட்டையே தடை பண்ணிடுச்சு, ஆனா வரிகள் காகிதத்துல அப்படியே இருக்கு. 2021-ல ஒரு சட்டம் கொண்டுவந்து வாஷிங்டன் யுனிவர்சிட்டியையும் ஈஸ்டர்ன் வாஷிங்டன் யுனிவர்சிட்டியையும் இதையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்காங்க.

உங்க வீட்டுப் பத்திரத்துல அப்படி ஒரு வரி இருந்தா ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட் மாடிஃபிகேஷன்னு ஒரு ஃபாரம் இருக்கு, பழைய பத்திரத்தோட ரெகார்டிங் நம்பரை எழுதி, அந்த வரி செல்லாதுன்னு ரெகார்டர்கிட்ட பதியலாம், பதிவுக் கட்டணம் கிடையாது. பழைய பக்கம் அழியாது, அதோட பக்கத்துல உங்க பேர்ல இன்னொரு பக்கம் சேரும். எங்க தெருவுல பக்கத்து வீட்டு அம்மா அதைப் பதிஞ்சாங்க, நம்பர் தேடிக் கொடுத்தது நான், ஃபாரத்தை நிரப்பறதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு.